வீட்ல ஒருத்தருக்கு பூனை அலர்ஜி இருந்தா எந்தப் பூனைய எடுக்கலாம்?

நாங்க மொதல்ல வாங்கிட்டு வந்தது ஒரு வெள்ளை பெர்ஷியன் குட்டி. என் வீட்டுக்காரருக்கு சின்ன வயசுலேர்ந்தே தும்மல் உண்டு, பூனை வளர்க்கற சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா கண்ணு செவந்துடும், அது தெரிஞ்சுதான் வித்தவர்கிட்ட ரெண்டு மூணு தடவ கேட்டோம், "பெர்ஷியனுக்கு அலர்ஜியே வராது மேடம், இது வெளிநாட்டு ஜாதி"ன்னு அடிச்சு சொன்னாரு. மொத நாள் ராத்திரி குட்டி அவர் தோள்ல ஏறி கன்னத்தோட கன்னம் வச்சு தூங்கிடுச்சு. காலைல பார்த்தா அவரோட இடது கண்ணு திறக்கவே முடியல, இமை பணியாரம் மாதிரி உப்பி, குட்டி மூஞ்சி பட்ட இடமெல்லாம் வரி வரியா தடிப்பு. மாத்திரைய போட்டு எட்டு நாள் ஓட்டினோம். ஒன்பதாம் நாள் ராத்திரி மூச்சுல விசில் சத்தம் வந்துச்சு, அத்தை பயந்துட்டாங்க, மறுநாளே குட்டிய திருப்பிக் குடுத்துட்டோம். பொண்ணு மூணு நாள் சரியா சாப்பிடல. அந்தக் குட்டியும் ரெண்டு வாரத்துல ரெண்டு வீடு மாறுச்சு, அது இன்னைக்கும் எனக்கு உறுத்துது.

இப்ப எங்க வீட்ல மொச்சைன்னு ஒரு நாட்டுப் பூனை ஒன்றரை வருஷமா இருக்கு, அவரும் அதே வீட்லதான் இருக்காரு, நல்லா இருக்காரு. இடைல நாங்க கத்துக்கிட்டத, எந்த வரிசைல செஞ்சிருக்கணுமோ அந்த வரிசைல எழுதறேன். பூனை வளர்க்கறதுக்கே புதுசா இருக்கறவங்களுக்காக எழுதறதுனால தெரிஞ்சவங்களுக்கு சில இடம் நீளமா படலாம், பொறுத்துக்கோங்க.

1. அலர்ஜி எதுல இருக்குன்னு புரிஞ்சுக்கோங்க

நம்ம ஊர்ல எல்லார் வீட்லயும் சொல்ற விஷயம், பூனை முடி வயித்துக்குள்ள போனா இழுப்பு வந்துடும்னு. எங்க அத்தையும் அதையேதான் சொன்னாங்க. முடி வயித்துக்குள்ள போறதுனால இது வர்றதில்ல. பூனையோட எச்சில்லயும் தோல்ல இருக்கற எண்ணெய்ச் சுரப்பிலயும் ஒரு புரதம் உற்பத்தியாகுது, அதுக்கு பேரு ஃபெல் டி 1. பூனை அலர்ஜி இருக்கற பத்து பேர்ல ஒன்பது பேருக்கு மேல இந்த ஒரு புரதத்துக்குத்தான் உடம்பு எதிர்ப்பு காட்டுது. பூனை நாள் முழுக்க தன்ன நக்கிக்கிட்டே இருக்கும் பாருங்க, அப்ப எச்சில் முடி மேல பூசி, காஞ்சு, கண்ணுக்குத் தெரியாத தூளா தோல் செதில்களோட சேர்ந்து பறக்கும். முடி அத சுமந்துட்டு வர்ற வண்டி மாதிரிதான்.

இந்தத் தூள் ரொம்ப சின்னது, அதுல கணிசமான பங்கு 5 மைக்ரானுக்கும் கீழ (மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), அதனால மணிக்கணக்கா காத்துலயே மிதக்கும், அதுவும் நம்ம வீட்ல சீலிங் ஃபேன் நிக்காம ஓடிட்டே இருக்கறதுனால கீழ இறங்கறதுக்கு நேரமே கிடைக்காது. துணில ஒட்டும், சோபால ஒட்டும், செவுத்துல கூட ஒட்டும். பூனையே இல்லாத வீட்லயும் பள்ளிக்கூடத்துலயும் கூட இது இருக்கும், ஏன்னா பூனை வளர்க்கறவங்க சட்டைல ஒட்டி வந்துடுது. நான் ஒரு நாள் பூனை இருக்கற வீட்டுக்குப் போயிட்டு வந்து அதே சுடிதாரோட கட்டில்ல உட்கார்ந்தேன், பத்து நிமிஷத்துல அவர் தும்ம ஆரம்பிச்சுட்டாரு. பூனை இருந்தது ரெண்டு தெரு தள்ளி.

இது புரிஞ்சா மீதி எல்லாம் புரியும். முடி நீளமா குட்டையா, நிறைய கொட்டுமா கொஞ்சமா கொட்டுமாங்கறது ரெண்டாவது கேள்விதான். அந்தப் பூனை இந்தப் புரதத்த எவ்வளவு சுரக்குதுங்கறதுதான் மொத கேள்வி, அது ஒரே இனத்துக்குள்ளயே, ஒரே தாய் வயித்துக் குட்டிங்களுக்குள்ளயே கூட பூனைக்குப் பூனை நிறைய மாறும்.

2. பூனைய பாக்கறதுக்கு முன்னாடி ஆளை டெஸ்ட் பண்ணுங்க

இதத்தான் நாங்க மொதல்ல செய்யாம விட்டோம். அலர்ஜி பாக்கற டாக்டர்கிட்ட, இல்லன்னா காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போய் ஸ்கின் பிரிக் டெஸ்ட் எடுக்கணும்னு கேளுங்க. முன்கைல வரிசையா சொட்டு விட்டு லேசா குத்துவாங்க, வலி ஒண்ணும் பெருசா இருக்காது, பதினஞ்சு இருபது நிமிஷத்துல எதுக்கு அலர்ஜியோ அந்த இடம் மட்டும் கொசு கடிச்ச மாதிரி தடிச்சு அரிக்கும். போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே செட்ரிசின், லீவோசெட்ரிசின் மாதிரி அலர்ஜி மாத்திரைங்கள நிறுத்தணும், இல்லன்னா ஒண்ணுமே தடிக்காது, அலர்ஜி இல்லன்னு தப்பா வந்துடும். எத்தன நாள் நிறுத்தணும்னு அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேட்டுக்கோங்க. மாத்திரைய நிறுத்த முடியாதவங்க ரத்தத்துல பூனைக்கான ஐஜிஇ (அலர்ஜி வந்தா உடம்பு உண்டாக்கற எதிர்ப்புப் புரதம்) டெஸ்ட் எடுத்துக்கலாம். ஒரு விஷயம் கவனம், சில லேப்ல டோட்டல் ஐஜிஇ மட்டும் பார்த்துட்டு "அலர்ஜி அதிகமா இருக்கு"ன்னு ரிப்போர்ட் குடுத்துடுவாங்க, அது வயித்துல பூச்சி இருந்தாக்கூட ஏறும், அத வச்சு பூனையப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது. பூனைக்குன்னு தனியா பாக்கணும்.

டெஸ்ட்ல பூனையோட நிறுத்தாதீங்க, தூசிப் பூச்சி, கரப்பான், பூஞ்சை எல்லாம் சேர்த்து பாக்க சொல்லுங்க. கடலோரமா இருக்கற நம்ம ஊர் ஈரக்காத்துல மெத்தைலயும் தலகாணிலயும் இந்தத் தூசிப் பூச்சி நல்லா பெருகும். என் வீட்டுக்காரருக்கு பூனைக்கு நடுத்தரமா தடிச்சுது, தூசிப் பூச்சிக்கு அதவிட ரெண்டு மடங்கு தடிச்சுது. அதாவது பூனை வர்றதுக்கு முன்னாடியே அவர் மூக்கு முக்கால்வாசி நிறைஞ்ச பானை மாதிரி இருந்திருக்கு, பூனை வந்ததும் வழிஞ்சிருக்கு. நாங்க மெத்தைக்கு உறை போட்டு, பழைய பஞ்சுத் தலகாணிய தூக்கிப் போட்டதுக்கே காலைத் தும்மல் பாதியா குறைஞ்சது.

வீட்லயே ஓரளவு வித்தியாசம் கண்டுபிடிக்கலாம். பூனைத் தூள் காத்துல மிதக்கறதுனால பூனை இருக்கற ரூமுக்குள்ள போன கொஞ்ச நேரத்துலயே கண்ணும் மூக்கும் அரிக்கும். தூசிப் பூச்சியோட தூள் கனம், அது படுக்கைலயே கிடக்கும், அதனால படுத்து எழுந்த காலைல, இல்லன்னா வீட்ட பெருக்கும்போது, பரண் மேல சாமான் எடுக்கும்போதுதான் தும்மல் வரும்.

இங்க ஒரு கோடு போட்டுக்கோங்க. வெறும் தும்மல், மூக்கு ஒழுகறது, கண்ணு அரிப்பு, லேசான தடிப்பு இருந்தா மேல படிங்க. வீசிங் இருக்கு, இன்ஹேலர் எடுக்கறாங்க, ராத்திரி இருமல்ல எழுந்துக்கறாங்க, குறிப்பா சின்னக் குழந்தை, அப்படின்னா டாக்டர் சரின்னு சொல்றவரைக்கும் பூனை வேண்டாம். எந்த இனமா இருந்தாலும் வேண்டாம். பாக்க மனசு அடிச்சுக்கும், தெரியும், ஆனா ஆஸ்துமா அட்டாக்ல ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடற நிலைமைய நாமளே வீட்டுக்குக் கூட்டிட்டு வரக்கூடாது. எங்களுக்கும் பெர்ஷியன் சமயத்துல வந்த அந்த விசில் சத்தத்தால டாக்டர் மொதல்ல வேண்டாம்னுதான் சொன்னாரு, நுரையீரல் ஊதற டெஸ்ட் எடுத்து, ஆறு மாசம் வீட்ட சரி பண்ணி, மறுபடி டெஸ்ட் எடுத்த பிறகுதான் "ட்ரை பண்ணி பாருங்க, ஆனா விசில் வந்தா உடனே நிறுத்தணும்"ன்னு விட்டாரு.

3. இனம் இனமா பார்த்தா

அலர்ஜி வராத பூனைன்னு ஒரு இனம் கிடையாது. விக்கறவங்க யார் சொன்னாலும் நம்பாதீங்க. சில இனத்துல குறைவா இருக்கலாம்னு சொல்றதுக்கும் ஆதாரம் கம்மிதான், ஆனா என்ன சொல்றாங்க, நம்ம சூட்டுக்கு அது சரிப்படுமான்னு தெரிஞ்சுக்கறது நல்லது.

பெர்ஷியன் தான் நம்ம ஊர்ல அதிகமா விக்கறாங்க, டால் ஃபேஸ், பஞ்ச் ஃபேஸ்னு பேர் வச்சு. அலர்ஜி வீட்டுக்கு நான் கடைசியாத்தான் இத சொல்வேன். அந்த முடிய தினமும் சீவலைன்னா சிக்கு விழுந்து தோல் புண்ணாகும், சீவினா அத்தன தூளும் காத்துல ஏறும். அதோட சப்பை மூஞ்சியா இருந்தா கண்ணு எப்பவும் ஒழுகும், மூச்சு கஷ்டம், மே மாசத்துல ஏசி இல்லாம அதுக்கு நரகம். பரம்பரையா வர்ற கிட்னி நீர்க்கட்டி நோயும் இந்த இனத்துல அதிகம், அப்பா அம்மா பூனைக்கு டெஸ்ட் எடுத்த பேப்பர் இல்லாம வாங்கவே கூடாது.

சைபீரியன், இதத்தான் உலகம் முழுக்க அலர்ஜிக்காரங்களுக்கு சொல்றாங்க. ரஷ்யாவோட பூனை, உடம்பெல்லாம் அடர்த்தியா நீள முடி. இதுல சில பூனைங்க ஃபெல் டி 1 ரொம்ப குறைவா சுரக்குதுங்கறது உண்மை, ஆனா அதே இனத்துல மத்த பூனைங்க அளவுக்கே சுரக்கறதும் இருக்கு. எச்சில டெஸ்ட் பண்ணின ரிப்போர்ட் காட்டாம சைபீரியன்னு பேர் மட்டும் சொல்லி விலை ஏத்தினா திரும்பி வந்துடுங்க. சைபீரியாக் குளிருக்கு வளர்ந்த அந்த முடிய வச்சுட்டு நம்ம வெயில்ல அது என்ன பண்ணும்னும் யோசிக்கணும்.

பாலினீஸ்ங்கறது நீள முடி வச்ச சயாமீஸ். இதையும் குறைவா சுரக்கும்னு சொல்றாங்க, இங்க பாக்கறதே அபூர்வம். சயாமீஸ்னு இங்க விக்கறதுலயும் மூஞ்சி கருப்பா கண்ணு நீலமா இருக்கேன்னு பேர் வச்ச கலப்பு நிறைய. கலப்பா இருக்கறதுல தப்பே இல்ல, அதுக்கு இனத்தோட விலைய குடுக்காதீங்க.

ஸ்பிங்க்ஸ், அந்த முடியில்லாத பூனை. 1966ல கனடால டொரான்டோல முடியில்லாம பொறந்த ஒரு குட்டிலேர்ந்து ஆரம்பிச்ச கதை. முடியே இல்லையே அப்ப அலர்ஜியும் இருக்காதுன்னு தோணும், ஆனா மேல சொன்ன மாதிரி புரதம் வர்றது தோல் எண்ணெய்லயும் எச்சில்லயும். எண்ணெய உறிஞ்சிக்க முடி இல்லாததால அது தோல் மேலயே பிசுபிசுன்னு நிக்கும், படுத்த இடத்துல பழுப்புக் கறை விடும், வாரா வாரம் குளிப்பாட்டி ஆகணும். பறக்கற முடி கம்மிங்கறதுனால சிலருக்கு ஒத்துக்குது, மடில வச்சுக் கொஞ்சறப்ப நேரா தோல்ல படறதுனால சிலருக்கு தடிப்பு அதிகமாகுது. இதய நோயும் இதுல பாக்கணும். டெவன் ரெக்ஸ், கார்னிஷ் ரெக்ஸ் ரெண்டும் சுருட்டை முடி, முடி கம்மி, இங்கிலாந்துல டெவன், கார்ன்வால்ங்கற ஊர்லேர்ந்து வந்தது, இதுங்களுக்கும் இதே கதைதான். ரஷ்யன் ப்ளூ, பெங்கால் எல்லாம் லிஸ்ட்ல வரும், பெருசா சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல. மெயின் கூன் அலர்ஜிக்கு நல்லதுன்னு யாராவது சொன்னா அதுக்கு அடிப்படையே இல்ல.

கடைசியா நாட்டுப் பூனை. இதுவும் மத்த பூனை மாதிரிதான் சுரக்கும், குறைவுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா முடி குட்டை, ஈரத் துணியால துடைச்சா நிமிஷத்துல வேலை முடியும், நம்ம சூட்டுக்குப் பழகினது, முக்கியமா எண்ணிக்கை நிறைய. அலர்ஜிக்காரங்களுக்கு இந்த எண்ணிக்கைதான் பெரிய வசதி. சைபீரியன்னா ஒரு குட்டி கிடைச்சா பெரிசு, புடிச்சாலும் புடிக்கலைனாலும் அதேதான். நாட்டுப் பூனைன்னா அஞ்சாறு பூனைய வரிசையா பார்த்து, நம்ம ஆளுக்கு எது ஒத்துக்குதுன்னு தேர்ந்தெடுக்கலாம், காசும் போகாது. அதனாலதான் இனத்த தேடறத விட்டுட்டு ஒரு குறிப்பிட்ட பூனைய தேடுங்கன்னு சொல்றேன்.

4. ஆணா பெண்ணா, என்ன வயசு

கருத்தடை ஆபரேஷன் பண்ணாத ஆண் பூனைதான் அதிகமா சுரக்கும், ஹார்மோன் காரணம். ஆபரேஷன் பண்ணினா ஆண் பூனைக்கும் நல்லா குறையும். அதனால பெண் பூனை, இல்லன்னா கருத்தடை பண்ணின ஆண் பூனை. ஆபரேஷன் எப்படியும் பண்ணியே ஆகணும், அலர்ஜி இல்லாட்டியும்.

குட்டி வேணும்னுதான் பசங்க கேப்பாங்க. நான் ஒரு வயசு தாண்டின பூனையதான் எடுக்க சொல்வேன். குட்டியா இருக்கும்போது ஒத்துக்கிட்டது பெருசானதும் ஒத்துக்காம போகலாம், வளர்ந்த பூனைன்னா அதோட அளவு ஓரளவு நிலைச்சிருக்கும், குணமும் தெரிஞ்சிருக்கும். எப்பவும் மூஞ்சில வந்து நக்கற பூனை, தூங்கறவங்க தலைமாட்டுல ஏறிப் படுக்கற பூனை அலர்ஜிக்காரருக்கு சரிப்படாது. கால்கிட்ட வந்து உரசிட்டு தனியா போய் ஜன்னல்ல உட்கார்ற பூனை தங்கம்.

5. பூனைய நேர்ல பார்த்து சோதிக்கற விதம்

தத்து குடுக்கற இடத்துக்குப் போனா, சென்னைல ப்ளூ கிராஸ் மாதிரி இடமோ இல்ல வீட்ல வச்சு பராமரிச்சு தத்து குடுக்கறவங்களோ, அங்க பத்துப் பதினஞ்சு பூனை ஒண்ணா இருக்கும். உள்ள நுழைஞ்சதும் தும்மல் வரும், எந்தப் பூனையால வந்துச்சுன்னு சொல்லவே முடியாது. அதனால மொத தடவ அலர்ஜி இருக்கறவர் போக வேண்டாம். மத்தவங்க போய் குணம் பார்த்து ரெண்டு மூணு பூனைய தேர்ந்தெடுங்க.

அப்புறம் நாங்க செஞ்சது துண்டு முறை. எங்க ஏரியால பூனைங்கள பராமரிக்கற ஒரு அக்கா இருக்காங்க, அவங்ககிட்ட துவைச்சுக் காய வச்ச மூணு சின்ன காட்டன் துண்டு குடுத்தேன். ஒவ்வொரு பூனையையும் தனி ரூம்ல வச்சு, அது படுக்கற இடத்துல ரெண்டு நாள் போட்டு வச்சு, அதாலயே உடம்ப துடைச்சு, தனித்தனி ஜிப் கவர்ல போட்டு பேர் எழுதி குடுத்தாங்க. என் வீட்டுக்காரர லீவு நாளா பார்த்து, மாத்திரை எடுக்காம, ஒரு தடவைக்கு ஒரு துண்டுன்னு பக்கத்துல வச்சு டிவி பாக்க சொன்னோம், அப்பப்ப கைல எடுத்து மடிச்சு உதறி திரும்ப வைக்கணும். மொத துண்டு ஒரு ஆரஞ்சு ஆண் பூனையோடது, கவர பிரிச்சு கால் மணி நேரத்துல கண்ண கசக்க ஆரம்பிச்சாரு. ரெண்டாவதுக்கு நாலஞ்சு தும்மல். மூணாவது துண்டு, வயித்துல மொச்சைக் கொட்டை மாதிரி பிரவுன் புள்ளி வச்ச பெண் பூனையோடது, ரெண்டு மணி நேரம் ஒண்ணும் இல்ல, ராத்திரி லேசா மூக்கு அடைச்சுது, அவ்வளவுதான். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு நாள் இடைவெளி விடுங்க, பிரிச்ச துண்ட உடனே துவைச்சுடுங்க. அன்னைக்கு பூரா கவனிக்கணும், ஏன்னா சிலருக்கு உடனே ஒண்ணும் தெரியாது, நாலு மணி அஞ்சு மணி நேரம் கழிச்சு மூக்கு அடைக்கும், நெஞ்சு இறுகும். இது லேப் டெஸ்ட் இல்ல, ஒரு மதிப்பீடுதான், வீசிங் வந்த சரித்திரம் இருந்தா டாக்டர கேட்டுட்டு மட்டும் பண்ணுங்க. நாங்க துண்டு முறைய பத்தி டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லி அவர் சரின்னு சொன்ன பிறகுதான், இன்ஹேலர கைல வச்சுட்டு செஞ்சோம்.

துண்டுல தேறின பூனைய நேர்ல பாருங்க. ஒரே பூனை இருக்கற, கதவு சாத்தின ரூமா கேளுங்க. மொத நாள் கால் மணி நேரம், ரெண்டு நாள் விட்டு ஒரு மணி நேரம், அப்புறம் மடில வச்சு தடவி, அந்தக் கைய கழுவாம முன்கை உள்பக்கம் தேய்ச்சு தடிப்பு வருதான்னு பாருங்க. கண்ணுல மட்டும் கை வைக்காதீங்க.

எல்லாம் சரியா இருந்தா நேரா தத்து எடுக்காம மூணு நாலு வாரம் ஃபாஸ்டரா, அதாவது தற்காலிகமா வச்சுப் பாக்க, குடுங்கன்னு கேளுங்க. ஒத்துக்கலைன்னா திரும்பி எடுத்துப்பீங்களான்னு மொதல்லயே கேட்டு, வாட்ஸ்அப்ல எழுத்தா வாங்கி வச்சுக்கோங்க. நல்லா பராமரிக்கறவங்க யாரும் இதுக்கு முகம் சுளிக்க மாட்டாங்க, அவங்களுக்கும் பூனை பத்திரமா இருக்கணும். மொத வாரம் நல்லா இருக்கேன்னு ஏமாறாதீங்க, வீட்ல தூள் சேர்றதுக்கே சில வாரம் ஆகும்.

இன்னொண்ணு, ஏற்கனவே பூனை இருந்த வீடு, நீங்க புதுசா வாடகைக்கு வந்த வீடா இருந்தாலும் சரி, அந்தப் பழைய தூள் போறதுக்கு அஞ்சாறு மாசம் கூட ஆகும். பெர்ஷியன் போன பிறகும் எங்களுக்கு ரெண்டு மூணு மாசம் தும்மல் நிக்கல. அந்த சமயத்துல வேற பூனைய சோதிச்சிருந்தா பழி புதுப் பூனை மேல விழுந்திருக்கும்.

6. பூனை வர்றதுக்கு முன்னாடி வீட்ட தயார் பண்ணுங்க

படுக்கை ரூமுக்குள்ள பூனை வரக்கூடாது. மொத நாள்லேர்ந்தே. இத ஒண்ண மட்டும் விட்டுக்குடுக்காதீங்க, தினமும் ஏழெட்டு மணி நேரம் மூக்குக்கும் நெஞ்சுக்கும் ஓய்வு கிடைக்கற ஒரே இடம் அதுதான். ஒரு நாள் பாவம்னு உள்ள விட்டா அது தினமும் கதவ பிராண்டும், அப்புறம் நிறுத்தறது கஷ்டம்.

நம்ம வீட்ல ஒரு நல்லது என்னன்னா தரை முழுக்க டைல்ஸ், கார்ப்பெட் இல்ல. ஈரத் துணி போட்டு துடைச்சா வேலை முடிஞ்சுது. காஞ்ச துடைப்பத்தால பெருக்கினா படிஞ்சதெல்லாம் மறுபடி கிளம்பும், அதனால மொதல்ல ஈர மாப், அப்புறம்தான் மத்தது. ஃபேன் றெக்கைய வாரம் ஒரு தடவ ஈரத் துணியால துடைங்க, அலர்ஜி இல்லாதவங்க துடைங்க. துணி சோபா இருந்தா மேல துவைக்கற மாதிரி பெட்ஷீட் போடுங்க. மாப் தண்ணில பினாயில் கலக்கறது நம்ம பழக்கம், பூனை வீட்ல அது கூடவே கூடாது, பூனை ஈரத்துல நடந்து பாதத்த நக்கும், பினாயில் அதுக்கு விஷம். சோப்புத் தண்ணி போதும். சாம்பிராணிப் புகை, கொசுவத்தி ரெண்டும் அலர்ஜி மூக்க இன்னும் எரிய வைக்கும், கொஞ்ச நாள் நிறுத்திப் பாருங்க, அத்தை வெள்ளிக்கிழமை சாம்பிராணிய மாடில போடறதுக்கு மாறிட்டாங்க.

காசு இருந்தா ஹெப்பா ஃபில்டர் வச்ச ஏர் பியூரிஃபையர் ஒண்ணு, படுக்கை ரூம்ல. உண்மையான ஹெப்பாவா, 0.3 மைக்ரான் தூள்ல 99.97 சதவீதம் புடிக்கும்னு போட்டிருக்கான்னு பாருங்க, ரூம் சைஸுக்கு ஏத்ததா வாங்குங்க. ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா மெத்தைக்கும் தலகாணிக்கும் ஜிப் உறை வாங்குங்க, அதுதான் மொதல்ல.

லிட்டர் பாக்ஸ், அதாவது பூனை ஒண்ணுக்கு ரெண்டுக்கு போற மண் டப்பா, பால்கனிலயோ காத்து போற இடத்துலயோ இருக்கட்டும், பால்கனிக்கு வலை அடிச்சுட்டு. அலர்ஜி இருக்கறவர் அத சுத்தம் பண்ண வேண்டாம். தூசி பறக்கற மண் லிட்டர், வாசனை போட்ட லிட்டர் வாங்கிட்டு பூனையால தும்மறேன்னு நினைக்கறவங்க உண்டு, மாத்திப் பார்த்தா தெரிஞ்சுடும்.

7. வந்த பிறகு மூணு மாசம்

ஒரு நோட்டு போடுங்க. தினமும் தும்மல் எத்தன, கண்ணு எப்படி, ராத்திரி இருமல் உண்டா, என்ன மாத்திரை எடுத்தாங்க, ஒரு வரி போதும். ஞாபகத்துல நம்பினா ஆசை ஜெயிச்சுடும், பூனை மேல பாசம் வந்த பிறகு யாருக்குமே "ஒத்துக்கல"ன்னு சொல்ல வாய் வராது, என் வீட்டுக்காரர் பெர்ஷியன் சமயத்துல பொண்ணுக்காக மூணு நாள் கஷ்டத்த மறைச்சிருக்காரு, நோட்டு இருந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

தொட்டா கைய சோப்பு போட்டு கழுவணும், கழுவாம முகத்துல வைக்கக் கூடாது, பசங்களுக்கும் சொல்லிக் குடுங்க. தினமும் ஒரு தடவ ஈரத் துணியால, வெறும் தண்ணில நனைச்சு பிழிஞ்சது, தலைலேர்ந்து வால் வரைக்கும் முடி போற திசைல துடைங்க. பொண்ணு ஸ்கூல் விட்டு வந்ததும் இந்த வேலைதான், மொச்சையும் அந்த நேரத்துக்கு வந்து காத்துட்டு நிக்கும். குளிப்பாட்டினா புரதம் குறையும், ஆனா சில நாள்லயே பழைய அளவுக்கு வந்துடும், அதுக்காக வாரா வாரம் அடம் புடிக்கற பூனைய தண்ணில முக்கறது அதுக்கும் கஷ்டம் நமக்கும் பிராண்டல்.

சாப்பாட்டாலயும் குறைக்கலாம். பியூரினா கம்பெனி 2020ல அமெரிக்கால ஒரு பூனை உணவு கொண்டு வந்தாங்க, கோழி முட்டைலேர்ந்து எடுத்த எதிர்ப்புப் புரதம் அதுல பூசியிருக்கும், பூனை மெல்லும்போது எச்சில்ல இருக்கற ஃபெல் டி 1ஐ அது போய் புடிச்சு முடக்கிடும். 105 பூனைங்கள வச்சு அவங்க பண்ணின சோதனைல மூணாவது வாரத்துலேர்ந்து சராசரியா 47 சதவீதம் குறைஞ்சது. கம்பெனியோட சொந்த ஆராய்ச்சிதான், ஆனாலும் பூனைக்கு மருந்து ஒண்ணும் குடுக்காம கிடைக்கற வழி. உங்க ஊர்ல கிடைக்குதான்னு டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க, தினமும் குடுக்கணும், நிறுத்தினா பலன் போயிடும்.

ஆளுக்கு மருந்துன்னு பார்த்தா தும்மல் மாத்திரைய விட மூக்குல அடிக்கற ஸ்டீராய்டு ஸ்ப்ரே அடைப்புக்கு நல்லா கேக்கும், டாக்டர் சொல்ற அளவுல. அலர்ஜி ஊசி, நாக்குக்கு அடில விடற சொட்டு மருந்து முறையும் இருக்கு, மூணுலேர்ந்து அஞ்சு வருஷம் விடாம எடுக்கணும், எல்லாருக்கும் முழுசா சரியாகும்னு சொல்ல முடியாது. பழகப் பழக தானா போயிடும்னு சொல்றத மட்டும் நம்பி உட்காராதீங்க, சிலருக்கு அடங்குது, சிலருக்கு தும்மல்ல ஆரம்பிச்சு வீசிங்ல போய் நிக்குது.

8. ஒத்துக்கலைன்னா

வீசிங் வந்தாலோ, தினமும் மாத்திரை போட்டும் தூக்கம் போச்சுன்னாலோ, நோட்டுல வாரா வாரம் எண்ணிக்கை ஏறினாலோ பூனைய வேற வீட்டுக்கு அனுப்பணும். அத தோல்வியா நினைச்சு இழுத்தடிக்காதீங்க, சீக்கிரம் அனுப்பினா அதுக்கும் புது இடம் பழகறது சுலபம். தெருவுலயோ மார்க்கெட் பக்கமோ கொண்டு போய் விடறது மட்டும் கூடவே கூடாது, வீட்ல வளர்ந்த பூனைக்கு நாய்கிட்டேர்ந்து தப்பிக்கத் தெரியாது, அந்த ஏரியா பூனைங்க கடிச்சுக் கொதறிடும், ஒரு வாரம் தாங்கறதே அதிகம். எடுத்த இடத்துக்கே சொல்லுங்க, அவங்களால முடியலைன்னா தடுப்பூசி கார்டு, கருத்தடை பேப்பர் எல்லாம் வச்சு நீங்களே நல்ல வீடா பார்த்து, நேர்ல போய்ப் பார்த்து குடுங்க. அது சாப்பிடற சாப்பாடு ஒரு வாரத்துக்கு, அதே லிட்டர் கொஞ்சம், அப்புறம் அது படுத்த துண்டு ஒண்ணு, அத மட்டும் துவைக்காம குடுங்க. புது வீட்ல பயந்து கட்டிலுக்கு அடில போய் உட்கார்ந்திருக்கும்போது அந்தத் துண்ட பக்கத்துல போட்டா தன்னோட வாசனை தெரிஞ்சு மெதுவா வெளிய வந்து சாப்பிட ஆரம்பிக்கும்.